கடைசி ஒரு சாண் யாருக்குச் சொந்தம்?

என் மாமா கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். தானியங்கிக் கண்ணாடிக் கதவுகளுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்வதுதான் பிழைப்பு. கம்பெனிக் கதவில் போர்டு போய்விட்டால் புதுசுக்குச் சொல்லும் விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் நகைக்கடைக்காரர்களும் ஆஸ்பத்திரி மேனேஜர்களும் கடைசியில் இவரிடம்தான் வந்து நிற்பார்கள். மதுரையில் மட்டுமில்லை, விருதுநகர், திண்டுக்கல் வரைக்கும் இவருடைய போர்டுகள் ஓடுகின்றன.

போன வருஷம் அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. தானியங்கிக் கதவுகளுக்கான மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு முறை ஒன்றுக்குத் தங்கள் கட்சிக்காரர் இந்தியக் காப்புரிமை (பேட்டன்ட்) பெற்றிருக்கிறார். உங்கள் போர்டுகள் அதை மீறுகின்றன. பதினைந்து நாளில் உற்பத்தியை நிறுத்தி, இதுவரை விற்றதற்குக் கணக்குக் கொடுத்து, நஷ்டஈடும் தர வேண்டும். சுருக்கமாக இதுதான் விஷயம். அனுப்பியது யார் என்று எழுதப் போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை.

வீட்டில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நோட்டீஸ் என் கைக்கு வந்து சேர்ந்தது. மாமா கேட்டது ஒரே கேள்வி.

"ஏன் மாப்ள, மோட்டாரை மெதுவா ஓட்டுறதுக்கெல்லாம் ஒருத்தன் பட்டா வாங்க முடியுமா?"

முடியாது. ஆனால் எப்படி மெதுவாக்குகிறோம் என்பதற்கு வாங்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் மொத்தச் சண்டையும் நடக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

12 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ வரும். 1.1 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பலகை என்றால் கிட்டத்தட்ட 80 கிலோ. அது விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நகரும்போது அதனிடம் 10 ஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கால்விரல் மேல் போட்டால் என்ன ஆகுமோ, அதுதான் அந்த 10 ஜூல். வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால்வாசியாகிவிடும்: 2.5 ஜூல். பிழைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் 2012ல் வந்த இஎன் 16005 என்ற தரவிதியும் அமெரிக்காவின் தரவிதிகளும் கதவு மூடும்போது என்ன விசை இருக்கலாம், என்ன ஆற்றல் இருக்கலாம் என்று அளந்து சொல்வது இதனால்தான்.

அப்படியானால் முழு தூரத்துக்கும் மெதுவாகவே ஓட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். ஓட்டலாம். ஆனால் மே மாதத்தில் ஏசி போட்ட கடைக்காரரிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அவருக்குக் கரண்ட் பில். ஆக, வேகமாகப் புறப்பட்டு, வேகமாக வந்து, கடைசி ஒரு சாணில் அடங்கி ஊர்ந்து, சத்தமில்லாமல் ஒட்ட வேண்டும். அந்த அடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் போர்டு செய்பவனின் கைவண்ணம் இருக்கிறது.

கரண்ட் போய்விட்டு வந்ததும் இந்தக் கதவுகள் ஒருமுறை மெல்ல ஊர்ந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோளாறு ஒன்றும் இல்லை. முட்டும் இடம் எது, மொத்த நீளம் எவ்வளவு என்று போர்டு தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. மோட்டார் தண்டோடு சேர்ந்திருக்கும் என்கோடரோ ஹால் சென்சாரோ சுற்றுகளை எண்ணிக்கொடுக்கும். எண்ணிக்கை வந்துவிட்டால் கதவு எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

பிரேக் எங்கே இருக்கிறது? பெரும்பாலான போர்டுகளில் தனியாகக் கிடையாது. மோட்டாரே பிரேக். பழைய டிசி மோட்டார் ஒன்று கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள்: இரண்டு ஒயரும் தனித்தனியாக இருக்கும்போது தண்டை விரலால் சுழற்றினால் சுலபமாகச் சுற்றும். இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். உள்ளே யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி கனக்கும். சுற்றுகிற மோட்டார் தானே ஒரு டைனமோ ஆகிவிடுகிறது. முனைகளை ஷார்ட் செய்ததும் அந்த மின்னோட்டம் அதே மோட்டாரை எதிர்த்துத் தள்ளுகிறது. கெட்டியாக ஷார்ட் செய்தால் கதவு வெடுக்கென்று நிற்கும், பெல்ட்டின் பல் தேயும். விநாடிக்குப் பல நூறு முறை ஷார்ட் செய்து செய்து விட்டால் வழுக்கிக்கொண்டு வந்து அடங்கும். பட்டறைக்கு வரும் பாலிடெக்னிக் பையன்களுக்கு மாமா நடத்தும் முதல் பாடமே இந்த ஒயர் முறுக்கல்தான்.

இதில் புதுசு ஒன்றுமில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். டிசி மோட்டாரின் வேகத்தை இஷ்டப்படி ஏற்றி இறக்கும் முறைக்கு ஹாரி வார்ட் லியோனார்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1891ல். லிஃப்டுகள் பல பத்தாண்டுகள் அந்த முறையில் ஓடின. தானியங்கி நகரும் கதவை 1954ல் யோசித்தவர்கள் டெக்சாஸ் மாநிலம் கார்பஸ் கிறிஸ்டி நகரத்து லூ ஹியூவிட்டும் டீ ஹார்ட்டனும். அந்தக் கடலோர ஊரில் அடிக்கும் காற்றில் சாதாரணக் கதவைத் திறக்க முடியாமல் ஜனங்கள் திண்டாடியதைப் பார்த்துத்தான் பக்கவாட்டில் நகரும் கதவு என்ற யோசனை வந்ததாம். 1960ல் விற்பனைக்கு வந்தது. தரையில் போட்ட விரிப்பை மிதித்தால் திறக்கும்.

காற்று என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் இந்தக் கதவுகளைச் சோதிக்கும் மாதம் ஆடி. ஆடிக் காற்று கண்ணாடியை ஒரு பக்கமாக அழுத்தும், கீழ் கைடில் உராய்வு ஏறும், மற்ற மாதங்களில் சரியாக அடங்கிய கதவு அரை அடி முன்னாலேயே சோர்ந்துபோய் நிற்கும். அதே மாதத்தில்தான் தள்ளுபடி விற்பனை. கதவு மூச்சுவிட நேரமில்லாமல் திறந்து மூடும், மோட்டார் சூடேறும். காயில் சூடேறினால் அதன் மின்தடை கூடும், பிரேக்கின் பிடி தளரும். காற்று இல்லாத பக்கத்துக் கதவாக இருந்தால் போய் 'டம்' என்று மோதும். ஒரே செட்டிங் எல்லா மாதத்துக்கும், எல்லா வாசலுக்கும் ஒத்துவராது. அந்தக் காப்புரிமை கைவைத்திருப்பதும் சரியாக இந்தப் பிரச்சினையில்தான்.

காப்புரிமை ஆவணத்தைத் தேடி எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் முழு விவரக்குறிப்பும் இலவசமாகவே கிடைக்கும். முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 ஆண்டு ஆயுள். புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே கதை முடிந்துவிடும். நோட்டீஸ் அனுப்பியவர்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். வெறும் அமெரிக்கக் காப்புரிமை எண்ணைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை, அதற்கு இங்கே செல்லுபடி கிடையாது. இது இந்தியக் காப்புரிமையேதான்.

தலைப்பைப் பார்த்தால் எவனுக்கும் வயிறு கலங்கும். மோட்டார் வேகக் கட்டுப்பாடு என்று மொத்தமாகப் போட்டிருக்கும். தலைப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. படங்களும் முன்னுரையும்கூட அப்படித்தான். ஆவணத்தின் கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்கள்தான் வேலி. முதல் கோரலை நான் துண்டு துண்டாக உடைத்து ஒரு தாளில் எழுதினேன். பெல்ட் வழியாகக் கதவை இழுக்கும் மோட்டார். அதன் சுற்றுகளை எண்ணும் சென்சார். முதல் ஓட்டத்தில் மொத்த நீளத்தை அளந்து வைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர். மோட்டார் முனைகளை விட்டு விட்டு ஷார்ட் செய்யும் பிரேக். இதுவரை சொன்னதைக் கேட்டு மாமா சிரித்துவிட்டார். கடைசித் துண்டைப் படித்ததும் சிரிப்பு நின்றது: ஒவ்வொரு முறை மூடும்போதும் பிரேக் பிடிக்க ஆரம்பித்த இடத்துக்கும் கதவு ஊர்ந்து செல்லும் வேகத்துக்கு வந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து, அடுத்த முறை பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைத் தானே திருத்திக்கொள்வது.

மாமாவிடம் இரண்டு போர்டுகள் உண்டு. பழையதில் நீல நிறத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பிரீசெட் இருக்கும். ஏணியில் ஏறி, மேல் கவரைக் கழற்றி, சின்ன ஸ்க்ரூடிரைவரால் அதைத் திருகித் திருகிப் பிரேக் பிடிக்கும் இடத்தை வைப்பார்கள். ஆடியில் ஒருமுறை, தையில் ஒருமுறை ஆள் போய்த் திருக வேண்டும். (அந்தச் சர்வீஸ் பணம் பட்டறைக்குச் சின்ன வருமானமும்கூட.) புதிய போர்டில் பிரீசெட் இல்லை. மாமா மகன் எழுதிய புரோகிராம் போன தடவை எங்கே அடங்கியது என்று பார்த்து இந்தத் தடவை இடத்தை மாற்றிக்கொள்ளும்.

ஒரு கோரலை மீறியதாகச் சொல்ல வேண்டுமென்றால் அதில் உள்ள முக்கியமான துண்டுகள் எல்லாமே உங்கள் பொருளில் இருக்க வேண்டும். ஐந்தில் நான்கு இருக்கிறது என்பது மீறல் ஆகாது. அந்த வகையில் பழைய போர்டு தப்பியது, அல்லது தப்பியது மாதிரி. "ஆள் திருகுவதும் புரோகிராம் திருத்துவதும் ஒன்றுக்கொன்று சமம்" என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். நடக்காத விஷயமில்லை. அமெரிக்காவில் கராஜ் கதவு செய்யும் ஓவர்ஹெட் டோர், சேம்பர்லேன் என்ற இரண்டு நிறுவனங்களின் சண்டையில், காப்புரிமையில் சொல்லியிருந்த இயந்திர ஸ்விட்சுக்குப் பதிலாக மென்பொருளால் இயங்கும் ஸ்விட்சை வைத்தால் அது சமமான மாற்றா என்ற கேள்வி வந்தது. 1999ல் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'இல்லை' என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது, விசாரிக்க வேண்டிய கேள்விதான் என்று திருப்பி அனுப்பியது. ஆனால் எங்கள் விஷயத்தில் அந்தத் துண்டில் 'தானே' என்ற சொல்லை அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு திருத்தத்தைக் காட்டித்தான் காப்புரிமையே வாங்கியிருக்கிறார்கள். அதையே இப்போது ஏணியில் நிற்கும் ஆளுக்கும் சேர்த்து இழுக்க முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

புதிய போர்டு வேறு கதை. அதில் ஐந்தும் இருக்கிறது. அங்கே ஒரே வாதம்தான் மிச்சம்: இந்த ஐந்தாவது துண்டு கண்டுபிடிப்பே இல்லை, தொழில் தெரிந்த எவனும் செய்வதுதான்.

ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் எங்கள் குடும்ப வக்கீலிடம் போனோம். நிலத் தகராறு, வாடகைத் தகராறு எல்லாம் சட்டென்று சொல்பவர், தாளை இரண்டு முறை புரட்டிவிட்டு, "இதுக்குத் தனி ஆளு இருக்காங்கப்பா" என்று சென்னையில் ஒரு காப்புரிமை முகவரின் நம்பரைக் கொடுத்தார். நல்லதாகப் போயிற்று. காப்புரிமை முகவர் ஆவதற்கு அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும், தனித் தேர்வும் எழுத வேண்டும். இவருக்குச் சர்க்யூட் படம் புரிந்தது. மாமாவுக்கு அதிலேயே பாதி ஜுரம் விட்டது.

முகவர் சொன்ன முதல் விஷயம், நோட்டீஸ் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள் என்பது. காப்புரிமைச் சட்டம் 111ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு காப்புரிமை இருப்பது தெரியாமலும் தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இல்லாமலும் செய்தவரிடம் நஷ்டஈடு வாங்க முடியாது. நோட்டீஸ் வந்த பிறகு அந்தச் சாக்கு செல்லாது. இரண்டாவது, ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால் 106ஆம் பிரிவின்படி நாமே முந்திக்கொண்டு நீதிமன்றம் போகலாம். ஆனால் காப்புரிமை இருக்கிறது என்று சும்மா தெரிவிப்பது மிரட்டல் ஆகாது என்று அதே பிரிவில் விளக்கமும் உண்டு. எங்களுக்கு வந்தது வெறும் தகவல் இல்லை. ஆனாலும் மாமா அந்தப் பக்கம் போக விரும்பவில்லை. "நாமளா போயி கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா" என்றார்.

106ஆம் பிரிவைப் பயன்படுத்திய பெரிய கதை ஒன்று எங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டியது. 1911ல் மதுரையில் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழிலின் கிளையாக வளர்ந்த டிவிஎஸ் மோட்டார், 2007ல் ஃப்ளேம் என்ற 125 சிசி பைக்கைக் கொண்டுவந்தது. ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். சின்ன சிலிண்டரில் இரண்டு பிளக் வைப்பது எங்கள் காப்புரிமை என்றது பஜாஜ். மிரட்டல் ஆதாரமற்றது என்று டிவிஎஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. பஜாஜ் பதிலுக்கு மீறல் வழக்குப் போட்டது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜுக்குச் சாதகமாகத் தடை கொடுத்தார். 2009 மே மாதம் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணக்கு வைத்துக்கொண்டு டிவிஎஸ் விற்கலாம் என்றதோடு, இந்த மாதிரி அறிவுசார் சொத்து வழக்குகளைத் தினமும் எடுத்து நாலு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் சொன்னது. அந்த வழக்கு முடிந்தது 2019ல், இரண்டு கம்பெனிகளும் சமரசமாகப் போனபோது. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் மனதில் நின்றது சட்டம் இல்லை. பன்னிரண்டு வருஷம் என்ற கணக்குதான்.

எங்களுக்கு உண்மையிலேயே பயன்பட்ட தீர்ப்பு அதைவிடப் பழையது. உத்தரப் பிரதேசம் மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் இரண்டு பட்டறைகளுக்கு நடுவில் நடந்தது. லேத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்திக் கடையும் முறைக்கு 1951ல் ஒரு பட்டறை காப்புரிமை கேட்டு வாங்கியது. பழைய முறையில் பாத்திரம் லேத்திலிருந்து தெறித்து ஆளைக் காயப்படுத்தும். மறுமுனையிலிருந்து தாங்கும் கூர்முனை டெயில்ஸ்டாக் சேர்த்ததால் இறுக்கமாக நிற்கும் என்பது அவர்கள் பக்கம். இன்னொரு பட்டறை, இது லேத் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம் என்றது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்த தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது. பட்டறையில் தொழில் தெரிந்தவன் இயல்பாகச் செய்யும் சின்ன முன்னேற்றத்துக்குக் காப்புரிமை இல்லை என்ற கொள்கை இந்தியாவில் இன்றும் அந்த வழக்கின் பெயரால்தான் சொல்லப்படுகிறது. வெண்கலக்கடைத் தெருவில் ஒரு நாள் நின்று கடைசல் பிடிப்பவர்களைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பின் நியாயம் இன்னும் நன்றாகப் புரியும். கையோடு கையாக மாறிக்கொண்டே இருக்கும் வேலையில் எந்த மாற்றத்தை யார் தொடங்கினார் என்று எப்படிச் சொல்வது?

மாமாவின் பட்டறை மாட்டிக்கொண்டிருப்பது அந்த 'எப்படிச் சொல்வது'வில்தான்.

ஏனென்றால், மாமா மகன் இந்தத் தானே திருத்தும் புரோகிராமை முதலில் எழுதியது அந்தக் கம்பெனி விண்ணப்பித்ததற்கு முன்பு. எங்களுக்கு அதில் சந்தேகமே இல்லை. விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (அதாவது முதன்முதலில் விண்ணப்பித்த தேதிக்கு) முன்பே இந்தியாவில் அது பொதுவில் தெரிந்திருந்தாலோ பயன்பாட்டில் இருந்தாலோ 64ஆம் பிரிவின்படி காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்கலாம். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் முன்பே செய்துகொண்டிருந்தவர் அப்படியே தொடர்ந்து செய்துகொள்ளத் தனி உரிமை இருக்கிறது. நம் சட்டத்தில் அந்த நடுவழி இல்லை. ரத்து செய்ய வை, இல்லையென்றால் நிறுத்து. காப்புரிமை வழங்கிய அறிவிப்பு வெளியான ஒரு வருஷத்துக்குள் என்றால் அலுவலகத்திலேயே எதிர்ப்புத் தாக்கல் செய்யலாம். எங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. முன்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் இருந்தது, 2021ல் அதைக் கலைத்துவிட்டார்கள். இனி உயர் நீதிமன்றம்தான்.

சரி, ஆதாரம்? முகவர் கேட்டார். மாமா பில் புத்தகங்களை எடுத்துப் போட்டார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'டோர் போர்டு 1'. எந்தப் போர்டு, பழையதா புதியதா, ஒன்றும் கிடையாது. 2017ல் ஜிஎஸ்டி வந்த பிறகு பில் கம்ப்யூட்டரில் வந்தது. அதிலும் அதே வாசகத்தோடு ஒரு வரி எண் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் போர்டையே பார்ப்போம் என்று, ஒரு ஆஸ்பத்திரியில் கழற்றி வைத்திருந்த முதல் தலைமுறைப் புதிய போர்டைத் தேடிப் பிடித்து வந்தோம். நல்ல வேளையாக ஸ்டோரில் தூசியோடு கிடந்தது. மேசையில் வைத்து விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் முக்கியமான ஐசியின் முதுகு வழவழவென்று இருக்கிறது. எண்ணை உப்புத்தாளால் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். இது எல்லாச் சின்னப் பட்டறைகளிலும் உள்ள வழக்கம். பக்கத்துப் பட்டறைக்காரன் என்ன சிப் என்று பார்த்து அடித்துவிடக் கூடாது என்று தேய்ப்பார்கள். சிலர் மேலே ரெசின் ஊற்றி மூடிவிடுவார்கள். புரோகிராமை யாரும் படிக்க முடியாதபடி சிப்பிலேயே பூட்டும் போட்டிருந்தது.

முகவர் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்னு இப்ப எப்படி வாதாடுறது?" என்றார். கதவு பொது வாசலில் ஓடியது உண்மை, விற்றதும் உண்மை. விற்பனையே பொதுப் பயன்பாடுதான் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடந்தது என்பதை வெளியிலிருந்து ஒருவர் தெரிந்துகொண்டிருக்க முடியுமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்கத்தான் செய்வார்கள். என் கணிப்பில் நம் ஊர்ப் பட்டறைகளின் பெரிய பலவீனம் இதுதான். திறமை கையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை; காகிதத்தில் வராமல் பார்த்துக்கொள்வதையே பாதுகாப்பு என்று நினைக்கிறோம். பெரிய கம்பெனியோ நம்மைவிடக் கொஞ்சம் பிந்திச் செய்தாலும் தேதி போட்டு எழுதி, காப்புரிமை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது. அதில் கோபப்பட ஒன்றுமில்லை. எல்லாருக்கும் தெரியும்படி விளக்கி எழுதுவதற்குக் கூலியாகத்தானே அந்த 20 வருஷ உரிமையே கொடுக்கிறார்கள்.

அந்தப் போர்டில் தேய்க்காத பாகங்களும் இருந்தன. ரெகுலேட்டர், ரிலே, இரண்டு சின்ன ஐசிகள். இவற்றின் முதுகில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும், பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். 0932 என்றால் 2009ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. இந்தப் போர்டில் இருந்த எண்கள் எல்லாமே முன்னுரிமைத் தேதிக்கு முந்தியவை. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகவர் அதையும் கலைத்தார்: பாகம் அந்த வாரத்துக்கு முன்னால் இருந்திருக்க முடியாது என்று மட்டுமே அது காட்டும். பழைய ஸ்டாக்கை எடுத்து அடுத்த வருஷம் சால்டர் செய்திருக்கலாமே?

கடைசியில் கைகொடுத்தது ஒரு மின்னஞ்சல். போர்டின் வரைபடக் கோப்பைக் கோயம்புத்தூரில் பிசிபி (பாகங்களைப் பொருத்தும் சர்க்யூட் தகடு) அடித்துத் தருபவருக்கு மாமா மகன் அனுப்பியது. தேதி இருக்கிறது, கோப்பு இருக்கிறது. கோப்பில் பிரீசெட்டுக்கு இடமே இல்லை. ஆகவே பிரேக் இடம் புரோகிராமில்தான் இருந்தது என்று காட்டலாம். கூடவே ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பதிவேட்டில் கதவு மாற்றிய தேதியும் மாமாவின் கையெழுத்தும் இருந்தன. அங்கே நர்ஸ் ஒருவர் 'கதவு மோதல் நின்றது, இனி அட்ஜஸ்ட் தேவையில்லை என்றார்' என்று எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு வரியை முகவர் மஞ்சள் மார்க்கரால் தடவினார். சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தப் புண்ணியவதிக்கு மாமா குடும்பத்தோடு கும்பிடு போடலாம்.

இதற்கு நடுவில், கம்ப்யூட்டர் புரோகிராமுக்குக் காப்புரிமை கிடையாது என்று 3(கே) பிரிவு சொல்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டால் என்ன என்று நான் கேட்டேன். புரோகிராம் வெறும் புரோகிராமாக இருந்தால்தான் அந்தத் தடை. மோட்டாரை வேறு மாதிரி நிறுத்தினால் அது தொழில்நுட்ப விளைவு. 2019ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில் அந்தத் திசையில்தான் பேசியிருக்கிறது. அதை நம்பிக் களத்தில் இறங்க வேண்டாம் என்றார் முகவர். பதிலாக வெளிநாட்டுப் பழைய காப்புரிமை ஆவணங்களைத் தேடச் சொன்னார். வெளிநாட்டில் நடந்த பயன்பாடு இங்கே உதவாது, ஆனால் உலகத்தில் எங்கே எந்த மொழியில் அச்சாகியிருந்தாலும் அது முன்னறிவாக, அதாவது ஏற்கெனவே தெரிந்த விஷயமாகச் செல்லும். லிஃப்ட் கதவுகள், ரயில் பெட்டிக் கதவுகள் என்று தேடத் தேட நிறைய வந்தது. முந்தைய ஓட்டத்தின் அளவைக்கொண்டு அடுத்த ஓட்டத்தின் பிரேக்கைத் திருத்துவது லிஃப்ட்காரர்களுக்குப் பழகிய யோசனையாகவே தெரிகிறது. லிஃப்டில் செய்ததை நகரும் கதவில் வைப்பது தொழில் தெரிந்தவனுக்குச் சட்டென்று தோன்றக்கூடியதா என்பதுதான் நீதிபதி முன் நிற்கப் போகும் கேள்வி. தோன்றும் என்பேன். ஆனால் நான் மாமாவின் ஆள்.

பதில் போனது. பழைய போர்டில் ஐந்தாவது துண்டு இல்லை. புதிய போர்டைப் பொறுத்தவரை உங்கள் காப்புரிமையே நிற்காது, இதோ ஆவணங்கள். மேற்கொண்டு போனால் ரத்து கேட்போம். கொஞ்ச காலம் சத்தமே இல்லை. பிறகு வந்த கடிதத்தில் பழைய போர்டைப் பற்றிய பேச்சே காணோம். நஷ்டஈடும் காணோம். புதிய போர்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை கொடுத்தால் உரிமம் தருகிறோம் என்றிருந்தது.

"பேரத்துக்கு வந்துட்டான்ல மாப்ள" என்றார் மாமா.

வந்துவிட்டான்தான். கேட்கும் தொகை, பழைய போர்டுக்காக வருஷத்துக்கு இரண்டு முறை ஏணியில் ஆள் ஏற்றும் செலவைவிடக் குறைவு. வழக்கு நடத்தும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மாமா மகன் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். தான் எழுதியதற்குத் தானே வாடகை கட்டுவதா என்பது அவன் கேள்வி. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவன் வயதில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இப்போதைக்கு மாமா தரப்பில் அனுப்பியிருக்கும் மறுமொழி, இனிமேல் விற்பதற்கு மட்டும் பேசத் தயார், கடந்த காலத்துக்கு ஒரு பைசாவும் கிடையாது, தொகையும் பாதியாக வேண்டும் என்பது. அதற்குப் பதில் வர வேண்டும். அதுவரை பட்டறையில் பழைய போர்டுக்குத்தான் ஆர்டர் எடுக்கிறார்கள், நீல பிரீசெட்டை மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறார் மாமா.